கடைசியாக எப்போது வந்தது?

ஆய்வுகூடத்துக்கு வரும் ஒவ்வொரு போத்தலோடும் ஒரு படிவம் வரும். பெயர், வயது, வாட்டு, எங்கிருந்து எடுத்த இழையம், நோயின் விவரம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். கர்ப்பப்பையின் உட்படலத்திலிருந்து எடுத்த இழையம் என்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும்: கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி. பெரும்பாலும் அது இருக்காது. ‘வயது 45, இரத்தப்போக்கு, டி அன்ட் சி’ என்று ஒரே வரியில் எல்லாம் முடிந்திருக்கும். டி அன்ட் சி என்பது கர்ப்பப்பையின் உட்படலத்தைச் சுரண்டி எடுப்பது. நான் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் நோயியல் மருத்துவர். எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது என்ன நோய், நோய்தானா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் காண்பதில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிவதெல்லாம் அந்தப் படிவத்தில் இருப்பதுதான்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, வேறு பிரிவில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: ‘ஸ்லைட் உங்களிட்டத்தானே இருக்கு. அதைப் பார்த்துச் சொல்லுறதுக்குத் திகதி என்னத்துக்கு?’ அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நல்ல வைத்தியர், நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுபவர். தெரிந்துகொள்ளவே கேட்டார். நான் இரண்டு வசனத்தில் பதில் சொன்னேன், அவரும் தலையாட்டினார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு வைத்தியருக்கே இது இப்படித் தெரிகிறது என்றால், சுரண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெண்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடித் துண்டில் எல்லாம் எழுதியிருக்கிறது, டொக்டர் அதை வாசித்துச் சொல்லிவிடுவார் என்றுதானே நினைப்பார்கள்? அது சரியல்ல என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உடம்பின் மற்ற இழையங்கள் பலவும் கிழமைக்குக் கிழமை மாறுவதில்லை. தைரொய்ட் சுரப்பியிலிருந்து ஒரு துண்டை இன்றைக்கு எடுத்தாலும் பத்து நாள் கழித்து எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். கர்ப்பப்பையின் உட்படலம் அப்படியல்ல. அது மாதம்தோறும் வளர்ந்து, தடித்து, உதிர்ந்து, மறுபடி தொடங்குகிறது. தென்மராட்சியில் ஒரு வயலின் படத்தைக் காட்டி ‘இந்த வயல் நல்லாயிருக்கோ?’ என்று யாராவது கேட்டால், அது எந்த மாதத்துப் படம் என்றுதான் நாம் முதலில் கேட்போம். ஆவணியில் நிலம் வெடித்துக் கிடந்தால் அது வழமை. மார்கழியில் அப்படிக் கிடந்தால் அந்த வீட்டுக்கு அந்த வருடம் நெல் இல்லை.

மாதவிடாய் முடிந்த பிறகு, ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனின் தூண்டலில் உட்படலம் வளரத் தொடங்கும். அப்போது சுரப்பிகள் நேரான சிறு குழாய்களாக இருக்கும். கலங்கள் பிரிவதை ஆங்காங்கே காணலாம். முட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்டரோன் வந்து சேர்கிறது. 28 நாள் கணக்கில் 17ஆம் நாளளவில், சுரப்பிக் கலங்களின் அடிப்பக்கத்தில் தெளிவான சிறு வெற்றிடங்கள் ஒரே வரிசையில் தோன்றும். கலக்கருக்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் மேலே தள்ளப்பட்டு நிற்கும். படிக்கும் காலத்தில் முதன்முதல் அதைப் பார்த்தபோது எவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் இருந்தேன் என்பது நினைவிருக்கிறது. பிறகு அந்த வெற்றிடங்கள் மேலேறிச் சுரப்பியின் உள்ளே கொட்டும். சுரப்பிகள் முறுக்கிக்கொள்ளும். 22ஆம் நாளை ஒட்டி, சுரப்பிகளுக்கு நடுவே இருக்கும் இடையிழையம் நீர்கோத்து வீங்கும். மறுநாளே சுருள் இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள கலங்கள் பருக்கத் தொடங்கும். நோய்ஸ், ஹெர்ட்டிக், ரொக் என்ற மூன்று அமெரிக்கர்கள் 1950இல் இதை நாள்வாரியாக விவரித்து எழுதினார்கள். குழந்தையில்லாத பெண்களுக்கு இந்த நாள் கணிப்பு பெரிதாக உதவுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. அதற்காக இப்போது அதைப் பெரும்பாலும் பாவிப்பதில்லை. ஆனால் அவர்கள் விவரித்த காட்சி இன்றும் என் மேசையில் அப்படியே இருக்கிறது.

வயதும் அப்படித்தான். முப்பது வயதுப் பெண்ணின் மாதத்தின் முதல் பாதியில் சுரப்பிகள் வளர்ந்துகொண்டிருந்தால் அது ஆரோக்கியம். மாதவிடாய் நின்று பத்து வருடமான பெண்ணிடம் அதே காட்சி என்றால், ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும். உடற்பருமன் காரணமாக இருக்கலாம், ஏனென்றால் கொழுப்பிழையமும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். ஏதாவது குளிசை காரணமாக இருக்கலாம். அரிதாகச் சூலகத்தில் ஒரு கட்டி இருக்கலாம். இரண்டு பெண்களுக்கும் ஸ்லைட் ஒன்றுதான். நான் எழுத வேண்டிய ரிப்போட் ஒன்றல்ல.

வியன்னா, 1908

திகதி கேட்காததால் என்ன நடக்கும் என்பதை வைத்திய வரலாறே ஒருமுறை காட்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கர்ப்பப்பையைச் சுரண்டி எடுப்பது பரவலாகிவிட்டது. எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள், தடித்து முறுக்கிய சுரப்பிகளைக் கண்டால் அது உட்படலத்தின் அழற்சி என்று எழுதினார்கள். அதற்கு வகைகள் பிரித்தார்கள், பெயர்கள் வைத்தார்கள், மறுபடியும் சுரண்டினார்கள். வியன்னாவின் ஹிட்ஷ்மானும் அட்லரும் 1908இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய வேலையைச் செய்தார்கள். உட்படலத்தின் காட்சியை, அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்பதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நோய் என்று அதுவரை எழுதப்பட்டதில் பெரும்பகுதி மாதவிடாய்க்கு முந்திய நாட்களின் இயல்பான காட்சி என்று அப்போது தெரிந்தது.

இதை நான் மாணவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். அந்தக் காலத்து வைத்தியர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. அவர்களுடைய நுணுக்குக்காட்டிகளும் நல்லவைதான், அவர்கள் வரைந்த படங்கள் துல்லியமானவை. அவர்களிடம் இல்லாதது திகதி மட்டும்தான். அது இல்லாததால் எத்தனையோ சுகமான பெண்கள் நோயாளிகள் ஆனார்கள்.

போத்தலைத் திறந்தால்

சரி, அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்ததும் போர்மலின் மூக்கில் ஏறும், கண் எரியும். உள்ளே கறுத்த மண்ணிறத்தில் இரத்தக் கட்டிகள், சளிபோல ஒட்டும் ஒன்று, அவற்றுக்கு நடுவே வெளிறிய சாம்பல் இளஞ்சிவப்பில் மெல்லிய துணுக்குகள். எங்களுக்கு வேண்டியது அந்தத் துணுக்குகள். ஆனால் எது இழையம், எது வெறும் இரத்தம் என்று கண்ணால் பிரிக்கப் போகக்கூடாது. எல்லாவற்றையும் வடித்தெடுத்து, மெல்லிய தாளில் பொதிந்து, சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுவோம். இரவு முழுக்க அது அல்ககோல், சைலின், உருகிய மெழுகு என்று மாறி மாறிக் குளிக்கும். காலையில் மெழுகுக் கட்டிக்குள் இறுகியிருக்கும். அதை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிப்பில் சீவி, இளஞ்சூட்டு நீரில் மிதக்க விட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்துத் தொழில்நுட்பவியலாளர் அதை எடுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். காற்றுப் பட்டால் மடிந்துவிடும். பிறகு சாயம். கலக்கருக்கள் ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு.

இவ்வளவு வேலையும் வீணாகப் போவதற்கு ஒரு சின்னப் பிழை போதும். போர்மலின் கைவசம் இல்லை என்று சேலைன் நீரில் போட்டு அனுப்பினால், யாழ்ப்பாணத்து வெயிலுக்கு மறுநாளே இழையம் சிதையத் தொடங்கியிருக்கும். துணிக் கட்டில் ஏந்தி எடுத்தால் பாதி துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் போத்தலை வீட்டார் கையில் கொடுத்து ‘ஆய்வுகூடத்தில் குடுங்கோ’ என்று அனுப்புவதும் உண்டு. அவர்கள் அதை ஒரு பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் பிடித்துக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒருவர் என்னிடம், ‘இதுக்குள்ளை கான்சர் இருக்கோ டொக்டர்?’ என்று போத்தலைக் காட்டிக் கேட்டார். மனைவியினுடையது. அவருக்கு ஒரு கதிரையைப் போட்டு இருத்தி, இன்றைக்குச் சொல்ல முடியாது, சில நாள் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சில நாட்களில் அந்த வீட்டில் சோறு இறங்கியிருக்குமா என்று இன்றைக்கும் நினைப்பேன்.

நாங்கள் பயந்து தேடுவது எதை என்று அவர் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன். சுரப்பிகள் அளவுக்கு மீறிப் பெருகி நெருங்குவதை மிகைவளர்ச்சி என்கிறோம். முன்பு அதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வகைப்படுத்தலில் அது இரண்டாகச் சுருங்கியது: கலங்கள் இயல்பாக இருப்பது, கலங்கள் இயல்பு மாறியிருப்பது. அந்த ஒரு கோடுதான் பெண்ணின் வாழ்க்கையைப் பிரிக்கிறது. 1985இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், சிகிச்சையில்லாமல் கவனிக்கப்பட்ட 170 பெண்களில், கலங்கள் இயல்பு மாறாத, சுரப்பிகளும் அதிகம் நெருங்காத எளிய மிகைவளர்ச்சி இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே புற்றுநோயாக மாறியது. சுரப்பிகள் நெருங்கி, கலங்களும் இயல்பு மாறியிருந்தவர்களில் அது நூற்றுக்கு 29. பின்னர் 2006இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு, இயல்பு மாறிய மிகைவளர்ச்சி என்று ரிப்போட் வந்து கர்ப்பப்பையை எடுத்தவர்களில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு அதற்குள் ஏற்கெனவே புற்றுநோய் இருந்ததாகக் காட்டியது. ஆகவே அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று எழுதும்போது கை தயங்குவது இயல்பு. தயங்கவும் வேண்டும்.

நல்லூருக்குப் போட்ட குளிசை

சில வருடங்களுக்கு முன், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஒரு போத்தல் வந்தது. ‘வயது 47, அதிக இரத்தப்போக்கு, பிரஷருக்கு மருந்து, வேறு மருந்து இல்லை.’ கடைசி மாதவிடாய்த் திகதி இல்லை. ஸ்லைட்டை வைத்துப் பார்த்தேன். இடையிழையக் கலங்கள் பருத்து, வெளிறிய இளஞ்சிவப்பில் நெருங்கிக் கிடந்தன. அது கர்ப்ப காலத்தில் காணும் காட்சி. ஆனால் கர்ப்பமென்றால் சுரப்பிகளும் முறுக்கேறிச் சுரந்துகொண்டிருக்க வேண்டும். இங்கே சுரப்பிகள் சிறுத்து, மெலிந்து, எண்ணிக்கையிலும் குறைந்து, வேலை நிறுத்தியவையாக இருந்தன. வெளியிலிருந்து போகும் புரொஜெஸ்டரோன் வகை மருந்துதான் இப்படிச் செய்யும். படிவமோ மருந்து இல்லை என்கிறது.

இந்த இடத்தில் ஒருவர் ஸ்லைட்டை நம்பி ‘ஹோர்மோன் தாக்கம்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஸ்லைட்டை எடுக்கலாம். எழுதினால் அது பொய்யல்ல. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அந்த மருந்தின் தாக்கத்தில் இருக்கும் சுரப்பிகளை வைத்து, மருந்துக்கு முன்பு அவை எப்படி இருந்தன என்று சொல்ல முடியாது. மிகைவளர்ச்சி இருந்திருந்தாலும் அது அடங்கி ஒடுங்கியிருக்கும். வாட்டின் பயிற்சி மருத்துவரைக் கூப்பிட்டு, அந்த அம்மா கிளினிக்குக்கு வரும்போது என்னிடம் ஒருக்கால் அனுப்பச் சொன்னேன்.

வடமராட்சிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்தார். திருநீறு பூசிய நெற்றி, கையில் கிளினிக் கொப்பி. ‘அம்மா, மருந்து ஏதும் போட்டனீங்களோ?’ என்று கேட்டேன். ‘பிரஷருக்கு மட்டும்தான் பிள்ளை.’ ‘குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, கையுக்கை வைக்கிற குச்சி, லூப்?’ ‘ஐயோ, அதெல்லாம் எந்தக் காலம்.’ மகன் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் வெளியே போனதும் நான் கதிரையை அருகில் இழுத்துப் போட்டேன். ‘அம்மா, நல்லூருக்குப் போனனீங்களோ?’ முகம் மலர்ந்துவிட்டது. ‘போகாமல்? நேர்த்தி இருந்தது பிள்ளை. அடி அழிக்கவேணும் எண்டு.’ ‘நடுவிலை சுகமில்லாமல் வரேல்லையோ?’ ‘அதுக்குத்தானே குளிசை. கொடியேற முதலே தொடங்கினனான். தீர்த்தம் முடியத்தான் விட்டனான்.’

மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெத்திஸ்தெரோன் குளிசை. 25 நாள் திருவிழாவுக்கும் முன்னும் பின்னுமாக ஒரு மாதத்துக்கு மேல் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பாமசியில் வாங்கிக் கொடுத்தது. ‘வாட்டிலை கேக்கேக்கை ஏன் அம்மா சொல்லேல்லை?’ என்று கேட்டேன். ‘அவை மருந்து போடுறனீங்களோ எண்டுதானே கேட்டவை. இது மருந்தில்லையே. வருத்தத்துக்குப் போடுறதுதானே மருந்து.’ அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார்.

பிறகு மெல்ல மெல்ல மிச்சமும் வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகவே ஒழுங்கில்லை. இரண்டு மூன்று மாதம் வராது, வந்தால் நிற்காது. கந்தசஷ்டிக்கு ஒருமுறை அதே குளிசை, தங்கை மகளின் கல்யாணத்துக்கு ஒருமுறை. போட்டால் நின்றுவிடும். நின்றதால் சுகம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். விட்டதும் கொட்டும். இந்த முறை கொட்டியது நிற்காததால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இதில் ஒன்றும் படிவத்தில் இல்லை. ‘அதிக இரத்தப்போக்கு’ என்ற சொற்களுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

மருந்தின் தாக்கம் தெரிகிறது, இந்த இழையத்தை வைத்து அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது, இனிக் குளிசை போடாமல் விட்டுச் சில கிழமைகள் கழித்து மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று ரிப்போட் எழுதினேன். பெண்நோயியல் நிபுணரும் ஒத்துக்கொண்டார். இரண்டாம் போத்தலில் வந்த இழையம் வேறொரு பெண்ணினுடையதோ என்று நினைக்க வைத்தது. சுரப்பிகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நெருங்கியிருந்தன. நடுவில் இடையிழையம் நூலளவுதான். கலக்கருக்கள் உருண்டு, வெளிறி, வரிசை குலைந்து நின்றன. இயல்பு மாறிய மிகைவளர்ச்சி. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதை முழுதாகச் சீவிப் பார்த்தோம், புற்றுநோய் இல்லை. அந்த ஸ்லைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த அன்று பின்னேரம் நானும் நல்லூருக்குப் போனேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் குளிசை இந்த நோயைக் கொண்டுவரவில்லை. புரொஜெஸ்டரோன் வகை மருந்துகளைத்தான் மிகைவளர்ச்சிக்குச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளம் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமல் அந்த மருந்தோடு கவனிப்பதும் உண்டு. நேர்த்தி வைத்ததும் கோயிலுக்குப் போனதும் பிழையில்லை. பிழை, அந்தக் குளிசை யாருடைய கொப்பியிலும் எழுதப்படாமல் போனது.

கேட்கிற இடம்

அவர் ஏன் வாட்டில் சொல்லவில்லை என்பதை நான் பல நாள் யோசித்தேன். கேட்டவர் மகன் வயதுப் பையன். பக்கத்தில் சொந்த மகன். திரைக்கு அந்தப்பக்கம் அடுத்த கட்டில், அதில் ஊர்க்காரர் யாராவது இருக்கலாம். பயிற்சி மருத்துவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ பேரைப் பார்க்க வேண்டும். யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இப்படியான இடத்தில் ஒரு பெண் தன் மாதவிடாயைப் பற்றி வாய் திறப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. படிவமும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று அவளால் பார்க்கவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படிப்பித்த ஊர் இது. ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் அச்சடிப்பது நமக்கு முடியாத காரியமா?

சொல்லாமல் விடுபவை வேறும் உண்டு. பெரு நாட்டு நோயியல் மருத்துவர் ஹவியர் அரியாஸ் ஸ்டெல்லா 1954இல் ஒரு காட்சியை விவரித்தார். கர்ப்பத்தின் ஹோர்மோனால் உட்படலச் சுரப்பிகளின் கலக்கருக்கள் பெருத்துக் கறுத்து, பார்ப்பவருக்குப் புற்றுநோய் என்றே தோன்றும்படி மாறிவிடும். கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கினாலும் இந்த மாற்றம் வரலாம். கர்ப்பம் என்று தெரிந்தால் இதில் பயமில்லை. தெரியாவிட்டால்? கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண், கல்யாணமாகாத பிள்ளை, இவர்கள் அதைச் சொல்லத் துணிவார்களா? என் அறையில் யாரும் யாரையும் நியாயம் விசாரிப்பதில்லை. கர்ப்பம் இருந்ததா இல்லையா என்பது எனக்கு ஒரு வைத்தியக் கேள்வி மட்டும். அதற்குப் பதில் கிடைத்தால் ஒரு பெண்ணைத் தேவையில்லாத புற்றுநோய்ப் பயத்திலிருந்து காப்பாற்றலாம்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் குடிக்கும் பெண்களும் இதில் அடங்குவார்கள். அந்த மருந்து மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். அங்கே சதை வளரலாம், அரிதாகப் புற்றுநோயும் வரலாம். மார்புக்கு ஒரு கிளினிக், கர்ப்பப்பைக்கு இன்னொரு கிளினிக் என்று போகும்போது முதலாவது கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணிடம் காசநோயைத் தேடுவதானாலும் நாள் முக்கியம். காசநோயின் அடையாளமான கிரனுலோமா என்ற கலக் கூட்டம் உருவாக நாள் எடுக்கும், உட்படலமோ மாதம்தோறும் உதிர்ந்துவிடும். மாதவிடாய்க்குச் சற்று முன்பு எடுத்தால்தான் அது கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இவை எதுவுமல்ல. மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து ஒரு துளி இரத்தம் பட்டதைச் சொல்லாமல் விடுவதுதான். ‘நிண்டுபோனது திரும்ப வந்திருக்கு, உடம்பிலை பிலம் இருக்கு’ என்று பெருமையாகச் சொன்ன ஆச்சியை எனக்குத் தெரியும். அப்படி இரத்தம் படும் பெண்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் உட்படலப் புற்றுநோய் இருக்கும், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உட்படலம் மெலிந்ததாலோ சிறு சதை வளர்ச்சியாலோ வருவது. அதே நேரம், மாதவிடாய் நின்ற பிறகு இந்தப் புற்றுநோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தம் படுவதுதான் அறிகுறி. வேறெந்தப் புற்றுநோய் இவ்வளவு தெளிவாகக் கதவைத் தட்டுகிறது? ஸ்கானில் உட்படலத்தின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீற்றரைத் தாண்டினால் இழையம் எடுத்துப் பார்ப்பது வழமை. தடிப்பு குறைவாக இருந்தாலும் இரத்தம் மறுபடி படுகிறதென்றால் எடுத்தே பார்க்க வேண்டும். ‘நான் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்தனான், ஒண்டுமில்லை எண்டவை’ என்பார்கள். அது கர்ப்பப்பைக் கழுத்துக்கான சோதனை. உட்படலத்தைப் பற்றி நம்பிக்கையாக எதையும் சொல்லாது. இரண்டும் வேறு வேறு.

இப்போது நாங்கள் எங்கள் ஆய்வுகூடத்தில் தமிழில் ஒரு அரைப் பக்கத் தாள் வைத்திருக்கிறோம். வாட்டு மிஸிமாரிடம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு நிரப்புகிறார்கள். அதில் மருந்து என்ற கேள்விக்குக் கீழே தனியாக ஒரு வரி: கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ தள்ளிப்போடக் குளிசை போட்டீர்களா, எத்தனை நாள்? அந்த வரிக்கு ‘ஓம்’ என்று வரும் பதில்கள் குறைவில்லை. ஆடி அமாவாசை கழிந்து நல்லூரில் கொடியேறும் காலத்தில் இன்னும் கூடும்.

ஆகவே இதை வாசிக்கும் அக்காமார், அன்ரிமார், அம்மாமார் எல்லோரிடமும் கேட்கிறேன். டி அன்ட் சி என்றோ பயொப்சி என்றோ உங்களுக்குச் சொன்னால், போகும் முன் கலண்டரைப் பார்த்து, கடைசியாக இரத்தம் பட்ட திகதியை ஒரு துண்டில் எழுதுங்கள். நின்றுபோய்விட்டதென்றால் எந்த வருடம் நின்றது என்று எழுதுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, குச்சி, லூப், அண்மையில் கரு தங்கியது அல்லது கலைந்தது, மார்புக்குக் குடிக்கும் குளிசை, நாட்டு மருந்து, எல்லாவற்றையும் எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமென்றால் அந்தத் துண்டை மடித்து மிஸியின் கையில் கொடுத்தால் போதும். குளிசையின் பெயர் தெரியாவிட்டால் வெறும் மட்டையையாவது எறியாமல் கொண்டுபோங்கள். எதற்காகப் போட்டீர்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. என்ன குளிசை, எத்தனை நாள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.